பொட்டலம்

எங்கள் கடையில் பதினான்கு வேக்குவம் கிளீனர்கள்
துதிக்கையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நிற்கின்றன.
நவம்பர் மாதம். டார்ட்டு நகரம்.
நாலு மணிக்கே இருட்டிவிடும்.
வழுக்காமலிருக்க நடைபாதையில் கொட்டிய பொடிக்கல்
ஊரார் பூட்ஸில் ஏறி
என் கம்பளத்தில் இறங்குகிறது.
வியாபாரத்துக்கு இதைவிட நல்ல பருவம் இல்லை.

"எத்தனை வாட்?" என்றுதான் கேட்பார்கள்.
வாட் கூடினால் அழுக்கு பயந்து ஓடிவிடும் என்று நினைப்பு.
நான் திருத்துவதில்லை.
கமிஷன் அப்படி.

ஹெல்வே வாட் கேட்கவில்லை.
அவரைத் தெருவில் குடியிருக்கிறாராம்.
ஆற்றோரம் அந்தப் பேட்டையில்
பட்டாணி, உருளைக்கிழங்கு என்று
தெருவெல்லாம் காய்கறிப் பெயர்கள்.
என் வயதுதான் இருக்கும், ஐம்பதைத் தாண்டி.
கோட்டுக்குள்ளிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்தார்.
பிரித்தார்.
என் கம்பளத்தின் மேல் கவிழ்த்தார்.

கொஞ்சம் பார்லி,
பூனை முடி, நூல் துண்டு,
ஆறிய அடுப்புச் சாம்பல் ஒரு சிட்டிகை,
ஒரு நீலப் பொத்தான்.

"ஓட்டுங்கள், பார்க்கலாம்."

முதலாவது பார்லியைத் தின்றுவிட்டு
மற்றதை மரியாதையாக ஒதுக்கி வைத்தது.
இரண்டாவது, முடியைச் சுற்றிக்கொண்டு
தலைப்பாகை கட்டி நின்றது.
மூன்றாவது எல்லாவற்றையும் விழுங்கியது போலத்தான் இருந்தது.
ஹெல்வே குனிந்து
அதன் பின்பக்கம் மூக்கை வைத்தார்.
தும்மினார்.
"முன்னால் தின்று பின்னால் துப்புகிறது.
என் நுரையீரலுக்கா விற்கிறீர்கள் இதை?"
பொத்தான் இன்னும் கம்பளத்தில்தான் கிடந்தது.

வயரை இழுத்து முழம் போட்டு அளந்தார்.
ஒவ்வொன்றையும் ஒற்றைக் கையில் தூக்கி
மாடிப்படி ஏறி இறங்கினார்.
விலைச் சீட்டைப் பார்க்கவில்லை,
முழங்கால் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எஞ்சினியரா நீங்கள்?"

"பத்தொன்பது வருடமாக அடுத்தவர் வீட்டைக் கூட்டுகிறேன்.
வாரத்துக்கு ஒன்பது வீடு, ஒன்பது மெஷின்.
கண்ணைக் கட்டிவிட்டாலும்
சத்தத்தை வைத்து யார் வீடு என்று சொல்வேன்."

"உங்கள் வீட்டில்?"

"துடைப்பம்."

இதுதான் சமயம் என்று
ஒளி ஊடுருவும் டப்பா வைத்த அந்த அழகியை உருட்டி வந்தேன்.
பை வேண்டாம், செலவில்லை,
உள்ளே போனதெல்லாம் கண்ணுக்குத் தெரியும்
என்று மனப்பாடத்தை ஒப்பித்தேன்.

டப்பாவுக்குள் சாம்பல் சுழல்வதை
வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வீட்டில் கம்மல் காணோம் என்றார்கள்.
யாரும் என் பெயரைச் சொல்லவில்லை.
என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான்.
பையைக் கழற்றி, பால்கனியில் கிழித்து,
பிப்ரவரிக் குளிரில்
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன்.
மூன்று மணி நேரம்.
கிடைத்தது.
'அப்பாடா' என்றாள் அந்த அம்மாள்,
கம்மலைப் பார்த்து."

"அப்படியென்றால் உங்களுக்கு
இந்த டப்பாதான்..."

"அது அவர்களுக்கு.
அடுத்த வாரமே வாங்கச் சொன்னேன், வாங்கினார்கள்.
என் வீட்டில் என்னை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?
பை வைத்ததையே கொடுங்கள்.
போனது போகட்டும் என்று
கட்டித் தூக்கிப்போட
எனக்கும் ஒரு வீடு வேண்டாமா?"

காட்சிக்கு வைத்திருந்த சாம்பல் நிற மெஷின்,
மூடியில் ஒரு கீறல், நீளமான வயர்,
பின்பக்கம் முகர்ந்தால் ஒன்றும் வீசாத மெஷின்.
கீறலுக்காகப் பதினைந்து யூரோ குறைக்கச் சொன்னார்.
பத்து குறைத்தேன்.
அட்டைப்பெட்டி வேண்டாமாம்.
குழாயைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு
பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தார்.

கடை மூடும் நேரம்
கம்பளத்தில் மண்டியிட்டுப் பார்த்தேன்.
பார்லி இரண்டு மணி மிச்சம்.
நீலப் பொத்தானைக் காணோம்.
டப்பாவில் இருந்தால் தெரிந்திருக்கும்,
இல்லை.

அவரோடு போயிருக்கும்,
அந்தப் பைக்குள்.
இந்நேரம் அவரைத் தெருவில்
ஒரு வரவேற்பறை மூலையில் கிடக்கும்,
யாரும் தேடாமல்.